ஆண்களுக்குப் புல், பெண்களுக்குப் பிளாஸ்ரிக்: ஃபிஃபாவுக்கும் கனடா உதைபந்தாட்டச் சங்கத்துக்கும் ஒரு திறந்த மடல்

ஃபிஃபா பேரவை உறுப்பினர்களுக்கும் கனடா உதைபந்தாட்டச் சங்க நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

2015 ஜூலை 5 அன்று வன்கூவரின் பிசி பிளேஸ் அரங்கில் பெண்கள் உலகக் கோப்பை இறுதியாட்டம் நடந்தது. அமெரிக்கா 5, ஜப்பான் 2. கார்லி லொயிட் முதல் 16 நிமிடத்துக்குள் மூன்று கோல் போட்டார். மூன்றாவதை நடுக்கோட்டருகே இருந்து தூக்கி அடித்தார். அமெரிக்காவில் மட்டும் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டோர் தொலைக்காட்சியில் பார்த்த ஆட்டம் அது. ஆடப்பட்டது பிளாஸ்ரிக் தரையில். அதே பிசி பிளேஸ் 2026 ஆண்கள் உலகக் கோப்பைக்குத் தெரிவானபோது, அந்தத் தரையை எடுத்துவிட்டு இயற்கைப் புல் போட வேண்டும் என்று நிபந்தனை வைத்தீர்கள். அரங்கும் ஏற்றுக்கொண்டது. இடம் மாறவில்லை, கூரை மாறவில்லை. ஆட வருபவர்கள்தான் மாறினார்கள்.

நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பதினான்கு வயதுக்குட்பட்ட சிறுமிகள் அணியொன்றுக்குப் பயிற்சி கொடுக்கும் தொண்டர்களில் ஒருத்தி. எங்கள் அணியில் பாதிப் பிள்ளைகள் தமிழ் வீடுகளிலிருந்து வருகிறார்கள். அவர்களுடைய அப்பாமார் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் காய்ந்த புல்லிலும் மண்ணிலும் வெறுங்காலோடு பந்து உதைத்தவர்கள். பிள்ளைகளோ ஏப்ரல் முதல் ஒக்ரோபர் வரை பெரும்பாலும் செயற்கைத் தரையில் ஆடுகிறார்கள். அந்தத் தரை அவர்களை என்ன செய்கிறது என்பதைக் கிட்ட நின்று பார்ப்பவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மாநாட்டு அறைகளில் இருந்து பார்த்தால் அது பச்சையாக மட்டுமே தெரியும்.

முதலில் நடந்ததை நினைவூட்டுகிறேன். 2015 போட்டியை நடத்தக் கனடாவும் சிம்பாப்வேயும் மட்டுமே விண்ணப்பித்திருந்தன. 2011இல் சிம்பாப்வே விலகியது. கனடாவின் திட்டத்தில் இருந்த ஆறு அரங்கங்களும் செயற்கைத் தரை கொண்டவை: வன்கூவர், எட்மன்ரன், வினிப்பெக், ஒட்டாவா, மொன்றியல், மொங்ரன். ஏற்றுக்கொண்டீர்கள். அதுவரை ஆண்களோ பெண்களோ மூத்தோர் (வயது வரம்பில்லாத தேசிய அணிகளின்) உலகக் கோப்பையை முழுக்க முழுக்கச் செயற்கைத் தரையில் ஆடியதில்லை. 24 அணிகள், 52 ஆட்டங்கள், எல்லாம் பிளாஸ்ரிக்கில்.

வீராங்கனைகள் அதைக் கேள்வி கேட்காமல் ஏற்கவில்லை. 2014 ஒக்ரோபரில் அமெரிக்காவின் அபி வாம்பாக், ஜெர்மனியின் நடீன் அங்கெரர், ஸ்பெயினின் வெரோனிகா பொக்கெற்றே உட்படப் பல நாடுகளின் முன்னணி ஆட்டக்காரர்கள் ஒன்றுசேர்ந்து, ஃபிஃபாவுக்கும் கனடா சங்கத்துக்கும் எதிராக ஒன்ராறியோ மனித உரிமைகள் தீர்ப்பாயத்தில் முறையிட்டார்கள். வாம்பாக் 2012இலும் அங்கெரர் 2013இலும் நீங்களே உலகின் சிறந்த வீராங்கனை என்று விருது கொடுத்தவர்கள். அவர்கள் சம்பளம் கேட்கவில்லை, விமானத்தில் நல்ல இருக்கை கேட்கவில்லை. ஆண்கள் ஆடும் தரையைக் கேட்டார்கள். மாற்றுத் திட்டம் எதுவும் இல்லை என்று உங்கள் தரப்பு சொன்னது. வழக்கை விரைவாக விசாரிக்கும்படி அவர்கள் கேட்டதைத் தீர்ப்பாயம் மறுத்தது. போட்டி நெருங்கியது. 2015 ஜனவரியில் முறையீட்டை மீளப் பெற்றுக்கொண்டார்கள். தோற்றதனால் அல்ல, காலம் போய்விட்டதனால். ஒரு வீராங்கனைக்கு உலகக் கோப்பை வாழ்க்கையில் இரண்டு முறை வரும், மிஞ்சிப்போனால் மூன்று. அதைப் பணயம் வைக்க யாருக்கு மனம் வரும்?

2015 ஜூன் 6, எட்மன்ரன் கொமன்வெல்த் அரங்கில் தொடக்க ஆட்டம், கனடாவும் சீனாவும். ஆட்டத்தின்போது தரைமட்டத்தில் அளந்த வெப்பம் 120 பாகை ஃபாரன்ஹீற், அதாவது ஏறக்குறைய 49 பாகை செல்சியஸ். பார்வையாளர் இருக்கைகளில் அப்படியொரு சூடு கிடையாது. எட்மன்ரன் என்ன பாலைவனமா? ஜூன் தொடக்கத்தில் அங்கே மாலையில் மேலங்கி தேவைப்படும். சூடு வானத்திலிருந்து மட்டும் வரவில்லை, காலுக்குக் கீழேயிருந்தும் வந்தது.

இது ஏன் என்பது உங்கள் தொழில்நுட்பக் குழுக்களுக்குத் தெரியும். பெற்றோர் பலருக்குத் தெரியாததால் சொல்லிவிடுகிறேன். புல் உயிருள்ளது. வேரால் நீரை உறிஞ்சி இலையால் வெளிவிடும்போது தன்னையும் தன் மேல் உள்ள காற்றையும் குளிரவைக்கிறது. செயற்கைத் தரையில் இருப்பது பொலித்தீன் இழை. இழைகள் நிமிர்ந்து நிற்க அவற்றுக்கிடையே மணலும், பழைய ரயர்களை அரைத்தெடுத்த கறுப்பு றப்பர் துகளும் கொட்டியிருக்கும். அது வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். வெயில் ஏறிய பகலில் தரையின் மேற்பரப்பு 60, 70 பாகை செல்சியஸைத் தொடுவது ஆய்வாளர்கள் அளந்து எழுதிய செய்தி. தண்ணீர் தெளித்தால் சற்றுநேரம் தணியும், பிறகு பழையபடி ஏறிவிடும். காற்றின் சூட்டையும் ஈரப்பதத்தையும் வெயிலையும் சேர்த்துக் கணிக்கும் ஈரவெப்பக் குறியீடு 32 பாகையைத் தாண்டினால் தண்ணீர் இடைவேளை கொடுக்க வேண்டும் என்ற உங்கள் நடைமுறை நல்லதுதான். ஆனால் பிள்ளையின் உள்ளங்கால் இருப்பது தரையில்.

எங்கள் பிள்ளைகள் ஜூலை மாதப் பிற்பகல் ஆட்டம் முடிந்ததும் முதலில் செய்வது சப்பாத்தைக் கழற்றுவது. கால் சிவந்து கிடக்கும். சிலருக்கு முன்பாதத்தில் கொப்புளம். சப்பாத்தைத் தட்டினால் ஒரு பிடி கறுப்புத் துகள் கொட்டும். காரின் கால்விரிப்பிலும் குளியலறையிலும் உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தின் வடிகட்டியிலும் அது கிடக்கும். அந்தத் துகளால் நோய் வருமா என்ற அச்சம் பெற்றோரிடம் பல காலமாக உண்டு. கோல்காப்பாளர்களுக்குப் புற்றுநோய் அதிகம் என்ற பேச்சு எழுந்தபோது வாஷிங்டன் மாநிலச் சுகாதாரத் துறை ஆராய்ந்து, எதிர்பார்க்கக்கூடியதைவிட அதிகம் இல்லை என்று 2017இல் அறிவித்தது. அதை நான் ஏற்றுக்கொள்கிறேன், எங்கள் பெற்றோருக்கும் சொல்கிறேன். இல்லாத பூதத்தைக் காட்டி வாதாட எனக்கு விருப்பமில்லை. கண்முன்னால் நடப்பதே போதும்.

உரசல் காயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புல்லில் சறுக்கி விழுந்தால் முழங்காலில் பச்சைக் கறையும் சேறும், கூடிப்போனால் ஒரு கீறல். செயற்கைத் தரையில் சறுக்கினால் தொடையின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் போய்விடும். இரத்தம் அவ்வளவாக ஓடாது. நீர் கசியும். தீக்காயத்தின் எரிவு அது. உள்ளே றப்பர் துகளும் மணலும் ஒட்டியிருக்கும். உப்புநீரால் கழுவி, பஞ்சால் ஒற்றி, ஒவ்வொரு துகளாக எடுக்க வேண்டும். எங்கள் கோல்காப்பாளருக்கு அப்படிக் கழுவியபோது அவள் துவாயைக் கடித்துக்கொண்டு இருந்தாள், சத்தம் போடவில்லை. அன்றிரவு காயம் படுக்கை விரிப்போடு ஒட்டிக்கொண்டு, காலையில் பிரித்தெடுத்தபோது மறுபடி திறந்துவிட்டதாம். அடுத்த ஆட்டத்தில் அவள் பந்துக்குப் பாயவில்லை. கையை நீட்டினாள், உடலைப் போடவில்லை. அவள் கோழையல்ல. தரை அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்திருந்தது. இப்போது எங்கள் கோல்காப்பாளர்கள் கோடையிலும் நீளக் காற்சட்டையும் நீளக் கைச்சட்டையும் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். சூட்டில் அது இன்னொரு வேதனை.

2013இல் அமெரிக்க வீராங்கனை சிட்னி லெரூ தன் இரு கால்களும் உரிந்து இரத்தமாகக் கிடந்த படத்தை வெளியிட்டார். கூடைப்பந்து வீரர் கோபி பிரயன்ற் அதைப் பகிர்ந்தார். படம் உலகைச் சுற்றியது. எங்கள் பிள்ளைகளின் கால்களை யாரும் படம்பிடித்துப் போடுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

தோல் ஆறிவிடும். கணுக்காலும் முழங்காலும்தான் என்னைத் தூங்கவிடாதவை.

பந்தோடு ஓடிவரும் பிள்ளை திடீரென்று திசை மாறுகிறாள். ஒரு காலை ஊன்றி உடலைத் திருப்புகிறாள். அந்த நொடியில் சப்பாத்தின் அடியில் உள்ள முளை, அதாவது ஸ்ரட், தரையைப் பிடித்திருக்கிறது. இயற்கைப் புல்லில் பாரம் அளவுக்கு மீறினால் புல்லும் மண்ணும் பெயர்ந்து கொடுக்கும். ஒரு துண்டுப் புல் பறக்கும், கால் விடுபடும். ஆட்டம் முடிந்த புல்தரையில் நாம் காணும் குழிகள் ஒவ்வொன்றும் ஒரு காலிலிருந்து தரை வாங்கிக்கொண்ட விசை. செயற்கைத் தரை பெயராது. பெயராமல் இருக்கத்தான் அதைத் தயாரிக்கிறார்கள். அப்போது அந்த விசை கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் ஏறுகிறது. முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற இணைப்புநார் அறுவது பெரும்பாலும் இப்படித்தான். யாரும் மோதாமல், யாரும் தொடாமல்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கேட்பீர்கள். நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அவை ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் லீக்கில் 2012 முதல் 2016 வரையான பருவங்களை ஆராய்ந்து 2019இல் வெளிவந்த ஆய்வு, கீழுடல் காயங்கள் செயற்கைத் தரையில் 16 சதவீதம் அதிகம், யாரும் மோதாமல் ஏற்படுபவற்றில் வித்தியாசம் இன்னும் கூடுதல் என்று கண்டது. அது வேறு விளையாட்டு, ஆட்டக்காரரின் எடை வேறு, உதைப்பும் வேறு. உதைபந்தாட்டத்தில் ஐரோப்பிய மேல்நிலைக் கழகங்களை வைத்து 2006இல் வந்த ஆய்வு, மொத்தக் காயங்களில் வித்தியாசம் இல்லை என்றது, ஆனால் கணுக்கால் சுளுக்கு செயற்கைத் தரையில் கூடுதல் என்றது. பல பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த பிந்திய மதிப்பாய்வும் கால்பாதம், கணுக்கால் காயங்கள் கூடுவதைக் காட்டியது. முழங்காலில் பொதுவாக வித்தியாசம் தெளிவில்லை, உயர்மட்ட ஆட்டக்காரர்களில்தான் ஐயம். மொத்தக் கணக்கில் செயற்கைத் தரையே குறைந்த காயம் தந்தது என்று முடித்த ஆய்வும் உண்டு.

இதைக் காட்டி, பார்த்தீர்களா, நிரூபணம் இல்லை என்று சொல்லும் அதிகாரிகளை எனக்குத் தெரியும். நான் கேட்பது இது. பெண்களுக்கு ஏசிஎல் அறும் வாய்ப்பு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு என்பது மருத்துவ உலகம் நெடுங்காலமாகச் சொல்லிவருவது. 2023 உலகக் கோப்பைக்கு இங்கிலாந்தின் லியா வில்லியம்சன், பெத் மீட், நெதர்லாந்தின் விவியான மிடேமா ஆகியோர் இதே காயத்தால்தான் வரமுடியாமல் போனார்கள். கேள்வி யாருடைய முழங்காலில் மிகக் கூர்மையாக நிற்கிறதோ, அவர்களையே செயற்கைத் தரையில் ஆடவிட்டுவிட்டு, ஆய்வு முடியட்டும் என்று காத்திருப்பது எந்த நியாயம்? சந்தேகத்தின் பலனை ஆண்களுக்குக் கொடுத்தீர்கள். ஆண்கள் உலகக் கோப்பைக்குப் புல் வேண்டும் என்று நீங்கள் விதித்தபோது எந்த இறுதி ஆய்வையும் கேட்கவில்லையே. ஆட்டக்காரர்கள் புல்லை விரும்புகிறார்கள், அது போதும் என்று எடுத்துக்கொண்டீர்கள். அந்த ஒரு காரணம் பெண்களுக்கும் போதுமாக இருக்கட்டும்.

முடியாது என்ற பேச்சு வேண்டாம். 1994 உலகக் கோப்பையில் மிச்சிகன் மாநிலத்தின் பொன்ரியாக் சில்வர்டோம் முழுக்கக் கூரையிட்ட, செயற்கைத் தரை கொண்ட அரங்கு. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் புல் ஆய்வாளர்கள் அறுகோண உருக்குத் தட்டுகளில் புல்லை வெளியே வளர்த்து, உள்ளே கொண்டுவந்து தேன்கூடு மாதிரிப் பொருத்தினார்கள். உலகக் கோப்பை ஆட்டம் கூரைக்குக் கீழே நடந்தது அதுதான் முதல் முறை, அதுவும் இயற்கைப் புல்லில். 2015க்கு 21 ஆண்டுகளுக்கு முன்பு! 2008இல் மொஸ்கோ லூஷ்னிகி அரங்கில் செயற்கைத் தரை இருந்தும், சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்துக்காகப் புல் போட்டார்கள். 2014இல் கனடாவுக்கு மட்டும் மாற்றுத் திட்டம் இல்லாமல் போனது எப்படி?

2026க்குச் செய்திருப்பதோ அதைவிடப் பெரிய வேலை. போட்டி நடக்கும் 16 அரங்கங்களில் எட்டில் வழக்கமாக இருப்பது செயற்கைத் தரை: வன்கூவர், சியாற்றில், லொஸ் ஏஞ்சலஸ், டலஸ், ஹியூஸ்ரன், அற்லாண்டா, பொஸ்ரன், நியூயோர்க் நியூஜெர்சி. எல்லாவற்றுக்கும் புல். அதற்காக மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தையும் ரெனசி பல்கலைக்கழகத்தையும் ஆண்டுக்கணக்கில் ஆராய வைத்தீர்கள். குளிர்ப் பகுதிக்கு ஒரு வகைப் புல், தெற்கின் சூட்டுக்கு வேறு வகை. வெளியே பண்ணையில் பிளாஸ்ரிக் விரிப்பின்மேல் மணலிட்டு வளர்க்கும்போது வேர் கீழே போக வழியில்லாமல் பக்கவாட்டில் பின்னிக்கொள்ளும். வெட்டியெடுக்கும்போது வேர் அறுவதில்லை, போட்ட சில நாட்களிலேயே தரை உறுதியாக நிற்கும். கூரைக்குள் வெயிலுக்குப் பதில் விளக்கு. புல்லோடு சிறிதளவு செயற்கை இழையையும் தைத்துப் பிடிப்பைக் கூட்டுகிறார்கள். இதைப் படிக்கும்போது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது, அந்த ஆய்வாளர்களின் உழைப்புக்குத் தலைவணங்குகிறேன். கூடவே நெஞ்சு கனத்தது. மனம் வைத்தால் கூரைக்குள்ளும் புல்லை வாழவைக்க உங்களால் முடியும். 2015இல் அந்த மனம் வைக்கப்படவில்லை.

புல் என்ற பெயர் மட்டும் இருந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. 2024 கோப்பா அமெரிக்காவில் அற்லாண்டா அரங்கில் செயற்கைத் தரைக்கு மேல் அவசரமாகப் போட்ட புல்லில் ஆர்ஜன்ரீனாவும் கனடாவும் ஆடின. ஆர்ஜன்ரீனாவின் கோல்காப்பாளர் எமிலியானோ மார்ட்டினஸ் அதைப் பேரழிவு என்றே சொன்னார். 2015 டிசம்பரில் ஹவாயில் அமெரிக்க வீராங்கனை மெகன் ரப்பினோவின் ஏசிஎல் அறுந்தது பராமரிப்பில்லாத ஒரு புல் பயிற்சித் தரையில். அடுத்த சில நாட்களில் அலோஹா அரங்கின் செயற்கைத் தரையைப் போய்ப் பார்த்த அமெரிக்க அணி ஆட மறுத்தது, ஆட்டமே ரத்தானது. கெட்ட புல்லும் கெட்டதுதான். அதனால்தான் நல்ல புல்லையும், அதைப் பேணும் ஆட்களையும், வேர்பிடிக்கப் போதிய நாட்களையும் சேர்த்துக் கேட்கிறேன்.

கனடாவின் குளிரை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நவம்பரில் உறைந்து ஏப்ரலில் இளகும் மண்ணில் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் புல்தரை கொடுக்க முடியாது. ஒரு செயற்கைத் தரையில் காலையிலிருந்து இரவு பத்து மணி வரை அணி மாறி அணி ஆடலாம். புல் அதைத் தாங்காது, அதற்கு ஓய்வு வேண்டும். ஸ்காபரோவில் இந்தத் தரைகள் இல்லையென்றால் எங்கள் சிறுமிகளில் பாதிப் பேருக்கு ஆட இடமே கிடைத்திருக்காது. ஆர்க்ரிக் வட்டத்துக்கு மேலே இருக்கும் நோர்வேயின் பூடோ கிளிம்ற் கழகம் செயற்கைத் தரையில் ஆடித்தான் 2025இல் ஐரோப்பா லீக் அரையிறுதி வரை போனது. ஆகவே ஊர் மைதானங்களைத் தோண்டி எறியச் சொல்லி நான் எழுதவில்லை. மேல்மட்டத்தைப் பற்றிப் பேசுகிறேன். பணம் இருக்கிற இடம், அறிவு இருக்கிற இடம், எங்கள் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கிற இடம் அதுதானே.

அந்த மேல்மட்டத்தில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாருங்கள். நெதர்லாந்தின் முதல்தர ஆண்கள் லீக்கான எரெடிவிசி 2025-26 பருவத்திலிருந்து முழுச் செயற்கைத் தரையை விலக்கியது. ஸ்கொற்லாந்தின் பிரிமியர்ஷிப் கழகங்களும் 2026-27இலிருந்து அதைக் கைவிட வாக்களித்தன. 2025 பெப்ரவரியில் நெய்மார், தியாகோ சில்வா போன்றோர் பிரேசிலில் செயற்கைத் தரைக்கு எதிராகக் கூட்டாகக் குரல் கொடுத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் நுண்பிளாஸ்ரிக்கைக் காரணம் காட்டி, தரையில் கொட்டும் றப்பர் துகளின் விற்பனைக்கு 2031 வரை கெடு விதித்திருக்கிறது. எங்கள் ரொறன்ரோவே நல்ல சாட்சி: பிஎம்ஓ மைதானம் 2007இல் செயற்கைத் தரையோடு திறக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளில் அதை எடுத்துவிட்டு 2010 பருவத்துக்குப் புல் போட்டார்கள், கீழே சூடேற்றும் குழாய்களோடு. ஒன்ராறியோ ஏரிக் காற்றில், இந்தக் குளிரில், புல் அங்கே நிற்கிறது. 2015இல் அந்த மைதானத்தில் ஓர் ஆட்டம்கூட வைக்கவில்லை.

இந்த மாற்றங்களில் எத்தனை பெண்களுக்காக நடந்தவை? அமெரிக்க தேசிய அணி வீராங்கனைகள் தங்கள் நாட்டு உதைபந்தாட்டச் சங்கத்துக்கு எதிராக 2019இல் தொடுத்த வழக்கில் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். 2014 முதல் 2017 வரை பெண்கள் அணி சொந்த நாட்டில் ஆடிய 62 ஆட்டங்களில் 13 செயற்கைத் தரையில். ஆண்கள் அணி ஆடிய 49இல் ஒன்றே ஒன்று. செயற்கைத் தரை உள்ள அரங்குகளில் ஆண்கள் ஆட வந்தால் தற்காலிகப் புல் போட்டார்கள், பெண்கள் வந்தால் இருந்ததிலேயே ஆடவிட்டார்கள் என்பது அவர்கள் முறைப்பாடு. தரை பற்றிய பகுதியை நீதிமன்றம் 2020இல் ஏற்கவில்லை. ஆனாலும் அதே ஆண்டு கடைசியில் அமெரிக்கச் சங்கமும் வீராங்கனைகளும் செய்துகொண்ட உடன்பாட்டில் அரங்குத் தெரிவும் ஒரு விடயமாக இடம்பிடித்தது. 13க்கு எதிராக 1 என்ற அந்தக் கணக்கு எந்தத் தீர்ப்பாலும் மாறிவிடாது.

கனடாவில் பெண்களுக்கென்று முதல்தடவையாக ஒரு தொழில்முறை லீக் 2025இல் தொடங்கியது. எத்தனை ஆண்டுக் கனவு! ஏப்ரல் 16 அன்று வன்கூவர் ரைஸ், கல்கரி வைல்ட் அணிகள் மோதிய முதல் ஆட்டத்தைப் பார்க்க பிசி பிளேஸுக்குப் பதினாலாயிரம் பேர் வந்தார்கள். எங்கள் பிள்ளைகள் வீட்டில் தொலைக்காட்சியின் முன்னால் இருந்தார்கள். அந்த ஆட்டமும் செயற்கைத் தரையில்தான். அதே இடத்தில் ஆண்கள் உலகக் கோப்பைக்கு இடும் புல், கோப்பைக்காக மட்டுமே வருவது. அடுத்து அங்கே ஓடப்போகும் பெண்களுக்கு என்ன மிச்சம் வைப்பீர்கள்?

ஃபிஃபாவிடம் நான் கேட்பது: பெண்கள் மூத்தோர் உலகக் கோப்பையின் எல்லா ஆட்டங்களும் இயற்கைப் புல்லிலோ புல்லை மூலமாகக் கொண்ட கலப்புத் தரையிலோதான் நடக்கும் என்று போட்டி விதிகளில் எழுதுங்கள். 2019இல் பிரான்ஸிலும் 2023இல் அவுஸ்திரேலியா, நியூசிலாந்திலும் புல்லில் நடந்தது உண்மை, அதற்கு நன்றி. ஆனால் அது நடத்தும் நாட்டின் நல்லெண்ணத்தில் தங்கியிருக்கக் கூடாது. 2031 போட்டிக்கு அமெரிக்கா, மெக்சிகோ, கொஸ்ரா ரிக்கா, ஜமெய்க்கா சேர்ந்து விண்ணப்பித்தபோது முன்வைத்த அரங்கங்களில் செயற்கைத் தரை கொண்டவையும் உண்டு. ஆண்களுக்காகக் கண்டுபிடித்த அறிவு முழுவதும் கையில் இருக்கிறது. பயிற்சித் தரைகளுக்கும் அதே விதி பொருந்தட்டும். ரப்பினோவுக்கு நடந்தது பயிற்சியில்தான். பெண்களின் முழங்கால், பெண்களுக்கான சப்பாத்து, செயற்கைத் தரை ஆகிய மூன்றையும் சேர்த்து ஆராயப் பணம் ஒதுக்குங்கள். எங்கள் பிள்ளைகள் போடுவது பெரும்பாலும் ஆண்களின் காலுக்கு வார்த்த சப்பாத்தின் சின்ன அளவுதான். புல்லுக்கான நீள ஸ்ரட்டைப் பிளாஸ்ரிக்கில் போட்டு ஆடுகிறார்கள், இரண்டாவது சோடி வாங்க எல்லா வீட்டிலும் வசதி இல்லை.

கனடா சங்கத்திடம் கேட்பது: தேசியப் பெண்கள் அணியின் சொந்த நாட்டு ஆட்டங்களைப் புல் உள்ள இடங்களில் வையுங்கள். இல்லாத இடத்தில் வைப்பதென்றால் ஆண்களுக்குப் போடுவதுபோல் புல் போடுங்கள். பெண்கள் லீக்கின் கழகங்கள் புல்லுக்கோ கலப்புத் தரைக்கோ மாறுவதற்கு ஒரு காலக்கெடுவும், உலகக் கோப்பை வருமானத்திலிருந்து ஒரு பங்கும் ஒதுக்குங்கள். சிறுவர் ஆட்டங்களுக்கு முன் தரையின் சூட்டை அளப்பதைக் கட்டாயமாக்குங்கள். தரையில் காட்டினால் சூட்டைச் சொல்லும் கைக்கருவி விலை குறைந்த சாமான். எத்தனை பாகைக்கு மேல் போனால் ஆட்டத்தை மாலைக்குத் தள்ள வேண்டும் என்று நீங்கள் ஒரு எண்ணைச் சொன்னால், நாங்கள் தொண்டர்களே அளந்துகொள்வோம். இப்போது எங்களிடம் இருப்பது எங்கள் உள்ளங்கை மட்டும். தரையில் வைத்துப் பார்த்து, பொறுக்க முடியவில்லை என்றால் நடுவரிடம் போய்ச் சொல்கிறோம். சில நடுவர்கள் கேட்கிறார்கள். சிலர் விதியில் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, விதியில் இல்லைத்தான்.

வரும் பருவத்துக்கான பதிவு தொடங்கும்போது பெற்றோர் என்னிடம் தரையைப் பற்றிக் கேட்பார்கள். அதற்கு முன் இந்த மடலுக்கு எழுத்தில் பதில் தாருங்கள். வரும் பதிலை அப்படியே வாசித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
சிறுமிகள் அணிப் பயிற்றுநர் ஒருத்தி
ஸ்காபரோ, ஒன்ராறியோ